யாரும் திட்டாத ஒயின்

எங்கள் மைத்தென்கோ ஊரில் ஒருவருடைய ஒயினைக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்று சொன்னால், அவரோடு பேச்சை முறித்துக்கொண்டோம் என்று அர்த்தம். இல்லையென்றால் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம் என்று அர்த்தம். இரண்டில் எது மோசம் என்று ஊரில் இன்னும் தீர்மானமாகவில்லை.

நல்ல ஒயினைத் திட்டத்தான் வேண்டும். ஜூன் மாதக் கடைசியில், சான் ஹுவான் திருநாளன்று, மழை தகரக் கூரையில் அறைந்துகொண்டிருக்கும்போது ஊரே எங்கள் ஒயின் மியூசியத்தின் நீளக் கூடத்தில் கூடும். ஏப்ரலில் மிதித்த புது ஒயினை ஒவ்வொரு வீட்டாரும் பிரம்பு பின்னிய பெரிய கண்ணாடிக் குடுவையில் கொண்டுவந்து, மேசையில் வைத்து, அன்றைக்குத்தான் ஊருக்கு முன்னால் திறப்பார்கள். அதற்கு முன் அடுத்த வீட்டு ஒயினை யாரும் தொடுவதில்லை. ஊற்றுவார்கள், குடிப்பார்கள், திட்டுவார்கள். திட்டு வாங்கிய குடுவை சுவர் அலமாரியில் அந்த வருடத்துக்கான இடத்தில் ஏறும்.

சில்லானிலிருந்து மாற்றலாகி வந்து எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்ட கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. மாமனார் கொடுத்த தோட்டத்தில் முதல் வருடம் ஒயின் போட்டார். குடித்தவர்கள் எல்லோரும் நல்லா இருக்கு சார், வாசனையா இருக்கு சார் என்றார்கள். மனிதர் பூரித்துப்போய் இரண்டாம் சுற்று ஊற்ற ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி கூடத்து மூலையில் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒயின் காடியாகியிருந்தது.

அதிகம் திட்டு வாங்கியது எப்போதும் பெலார்மினோ இனோஸ்த்ரோசாவின் ஒயின்தான். திட்டுவதற்கென்றே குஸ்தோதியோ இருந்தார். இருவரும் ஒரே ஓடையின் இரு கரைக்காரர்கள். பெலார்மினோவின் மகளுக்கு குஸ்தோதியோதான் ஞானத்தகப்பன். அந்த உறவில் ஆண்களை கொம்பாத்ரே என்றும் பெண்களை கொமாத்ரே என்றும் கூப்பிடுவது இங்கே வழக்கம். ஆனால் சான் ஹுவான் அன்று மட்டும் இருவருக்கும் அந்த மரியாதை கிடையாது.

குஸ்தோதியோ ஒரு வாய் குடிப்பார். வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். கூடம் மொத்தமும் காத்திருக்கும்.

"பெலார்மினோ, காலைக் கழுவாம மிதிச்சிட்டியேடா. இதை வாசல்ல ஊத்தினா எறும்பு அடுத்த தெருவைச் சுத்திப் போகும்."

"உன் வாய்க்கு ஊத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும். உன் கழுதைக்கு ஊத்தியிருந்தா அது ருசி சொல்லியிருக்கும்."

"கழுதைக்குத்தான் முதல்ல குடுத்தேன். அது பாவமன்னிப்பு கேக்கக் கோயிலுக்குப் போயிருக்கு."

இப்படிப் போகும். பெலார்மினோவின் முகம் சிவந்து, காது வரை சிரிப்பு ஏறியிருக்கும். வருடம் முழுக்க அந்த மனிதர் மலைச்சரிவில் குனிந்து கிடந்தது இந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தானோ என்று தோன்றும்.

நான் சொல்ல வந்தது அவருடைய மனைவி உபெர்லிந்தா ஒர்மெனோவைப் பற்றி. அவள் மியூசியத்தில் வேலை பார்த்தாள். நான் கதவு திறக்கிறவன், சீட்டு கிழிக்கிறவன், காட்சிப் பொருள்களுக்குத் தூசி தட்டுகிறவன். அவள் தரைக்கு மெழுகு போடுவாள். அறுவடைக் காலத்தில் வருகிறவர்களுக்குத் திராட்சை உதிர்த்துக் காட்டுவாள். நாணல் குச்சிகளை வரிசையாகக் கட்டிய தட்டி ஒன்றை மிதிதொட்டியின் மேல் போட்டு, குலைகளை அதன்மேல் உருட்டித் தேய்த்தால், பழம் மட்டும் உடைந்து கீழே விழும், காம்பு கையிலேயே தங்கும். அவள் கைக்குக் கீழே அந்தத் தட்டி மழை விழுகிற மாதிரி சத்தம் போடும். கொன்செப்சியோனிலிருந்து வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாங்களும் செய்கிறோம் என்று கையை விட்டுக் காம்போடு சேர்த்து நசுக்கிவிடுவார்கள். போங்கடா, இப்ப இது கசக்கும், உங்க டீச்சருக்குக் குடுங்க என்பாள்.

மியூசியத்தின் நுழைவில் பெரிதாக்கி மாட்டிய ஒரு புகைப்படம் இருக்கிறது. மிதிதொட்டிக்குள் முழங்கால் வரை சாயம் ஏறிய பெலார்மினோ நிற்கிறார். படத்தின் ஓரத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிய இன்னொரு ஜோடிக் கால் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். கீழே அவர் பெயர் மட்டும். அது யார் கால் என்று யாராவது கேட்டால், தொட்டியைக் கழுவ வந்தவ என்று சொல்லிவிட்டு உபெர்லிந்தா மெழுகுத் துணியோடு நகர்ந்துவிடுவாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் அவளுக்கு. கல்யாணமாகித் தெப்பத்தில் வந்தவள், தையல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு. வந்த வாரத்திலேயே மாமியார் அவள் குள்ள உடம்பைப் பார்த்துவிட்டுக் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தாளாம். இங்கே பெரிய மரப்பீப்பாய்களுக்கு அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். வீட்டிலேயே சிறிய ஆள் அதன் வழியாக உள்ளே நுழைந்து, உள்சுவரில் படிந்த கசடைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே காற்று கெட்டிருக்கும். அதனால் உள்ளே இருக்கிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், வெளியே ஒருவர் நின்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் காலைப் பிடித்து இழுத்துப் போட்டுவிடுவார்கள். உபெர்லிந்தாவுக்குக் குரல் கிடையாது. தனக்குத் தெரிந்த மாதாப் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடுவாள். வெளியே நின்ற புதுமாப்பிள்ளை பெலார்மினோ ஒரு நாள், கொஞ்சம் நிறுத்து, செத்தாலும் பரவாயில்ல என்றாராம். அவள் கோபத்தில் உண்மையாகவே நிறுத்த, அவர் பதறிப்போய்ப் பாதி உடம்பைக் கதவுக்குள் விட்டு மாட்டிக்கொண்டார். அவரை வெளியே இழுக்க குஸ்தோதியோ வரவேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் சிரித்துச் சிரித்து விளக்குமாற்றில் சாய்ந்துகொள்வாள்.

ஒயின் அவருடையது என்றுதான் ஊர் சொன்னது. அவளும் அப்படித்தான் சொன்னாள். திட்டும் அவருக்குத்தான். அவள் மேசைக்குப் பின்னால் நின்று கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு கேட்பாள். குஸ்தோதியோ திட்டி முடித்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும், பரீட்சை முடிவு கேட்ட பிள்ளையின் முகம் மாதிரி.

ஒரு வருடம் பிப்ரவரியில், கடுங்கோடையில், தீ வந்தது.

மலைக்கு அப்பாலிருந்து, பைன் காட்டின் வழியாக, மத்தியான வெயிலில், தெற்குக் காற்றோடு வந்தது. நாங்கள் எல்லோரும் நனைத்த கம்பளிகளோடு ஆற்றங்கரைக்கு ஓடினோம். பெலார்மினோ எங்களோடு வரவில்லை. மேலே குளத்து மடையைத் திறந்து ஓடையோரத்துக் கொடிகளுக்குத் தண்ணீர் விடப் போனார். மேல் சரிவு முழுக்க எரிந்துபோயிற்று. வீட்டின் ஒரு பக்கம் போயிற்று. ஓடையோரத்து வரிசைகள் மட்டும், அவர் தண்ணீர் விட்ட வரிசைகள், பச்சையாக நின்றன. அவரை மறுநாள் காலையில் மடைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு உபெர்லிந்தாவுக்கு வாசனை தெரியாமல் போயிற்று. புகை தின்ற மூக்கு, நாளாகும், வரும் என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்களாம். சோப்பும் ரொட்டியும் ஒண்ணாத்தான் இருக்கு எனக்கு என்று ஏதோ வேடிக்கை போலச் சொல்வாள். அவள் சால்வையிலிருந்து புகை வாடை போகவே இல்லை. அவளுக்கு அது தெரியவும் இல்லை. தெரிந்த யாரும் சொல்லவும் இல்லை.

புகை பட்ட திராட்சையை அந்த வருடம் பலர் பறிக்கவில்லை. பழத்தில் ஒன்றும் தெரியாது, நுரைத்துப் பொங்கிய பிறகுதான் புகை வெளியே வரும் என்று வேளாண் அலுவலகத்துக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஓடைக்கு அக்கரையில், காற்று போகாத பக்கத்தில் இருந்தவர்களின் தோட்டங்கள் தப்பின. குஸ்தோதியோவின் தோட்டம் அதில் ஒன்று. இந்த வருஷம் விட்டுடுங்க கொமாத்ரே, என் பழத்துல பாதி எடுத்துக்கங்க என்று அவர் வந்து கேட்டார். உபெர்லிந்தா கேட்கவில்லை.

"அவர் தண்ணி விட்டுக் காப்பாத்தினது அது. அதைக் கொடியிலேயே அழுக விடவா?"

குஸ்தோதியோ தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

தனியாகவே பறித்தாள். தனியாகவே தட்டியில் உருட்டினாள், தொட்டியில் இறங்கி மிதித்தாள். தேமுகோ நகரத்திலிருந்து மகள் வந்து உதவுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். பீப்பாயைக் கழுவ உள்ளே நுழைந்தபோது மட்டும் பழக்கத்தில் பாட ஆரம்பித்து, வெளியே யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினாளாம். நிறுத்தியதும் பயமாக இருந்ததாம். மறுபடி பாடிக்கொண்டே தேய்த்து முடித்தேன் என்றாள்.

மே மாதம் ருசி பார்த்தாள். நாக்கில் புளிப்பும் துவர்ப்பும் சரியாக இருப்பதாக என்னிடம் சொன்னாள். நிறம் அவர் போடுவதைவிடக் கறுப்பு என்றாள். தட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் கஞ்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சான் ஹுவானுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"குஸ்தோதியோ என்ன சொல்லித் திட்டப்போறார்னு கேக்கணும் மகனே. கடைசியா ஒரு தடவை அவர் ஒயினைத் திட்டிக் கேட்டுட்டா போதும். அப்புறம் கொடி எரிஞ்சா என்ன, இருந்தா என்ன."

அலமாரியில் அந்த வருடத்துக்கான பலகையை நான் துடைத்து வைத்திருந்தேன். பெலார்மினோவின் குடுவைக்கான இடத்தையும்.

சான் ஹுவான் அன்று மழை கொட்டியது. கூடத்தில் கணப்புக்குப் பக்கத்தில் ஈரக் கம்பளிகளின் நாற்றம். எரிந்தவர்கள், எரியாதவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். குஸ்தோதியோவின் ஒயினை முதலில் திறந்தார்கள். அவரைத் திட்டினார்கள், ஆனால் வருடாவருடம் இருக்கிற காரம் இல்லை. எல்லோரும் உபெர்லிந்தாவின் குடுவையைப் பார்த்தும் பார்க்காமலும் இருந்தார்கள்.

அவள் கறுப்பு உடையில் வந்து தானே மூடியைத் திறந்தாள். முதல் கோப்பையை குஸ்தோதியோவிடம் நீட்டினாள்.

அவர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் மூக்கு சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்தது. ஈரக் கரி. அணைந்த அடுப்பில் தண்ணீர் விட்டால் எழும்புமே, அது. அவர் குடித்தார். வாய்க்குள் வைத்துக்கொண்டார். வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார். உபெர்லிந்தா கோப்பை துடைக்கிற துணியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, உதட்டில் சிரிப்பு வரத் தயாராக, காத்திருந்தாள்.

அவர் விழுங்கினார்.

"நல்லா இருக்கு, கொமாத்ரே."

அவ்வளவுதான் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, மீதியையும் குடித்துக் காலி செய்து, இன்னொரு கோப்பைக்கு நீட்டினார். அதற்குப் பிறகு எல்லோரும் வரிசையாக வந்தார்கள். ரொட்டிக்கார எர்சிரா மிருதுவாக இருப்பதாகச் சொன்னாள். ஒருவர் நிறம் அருமை என்றார். இன்னொருவர் தன் தோட்டத்தில் இப்படி ஒன்று வந்ததே இல்லை என்றார். ஒரு வாய் விடாமல் எல்லோரும் குடித்தார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் கோப்பையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் செய்துகொண்டிருப்பது என்ன என்று கூடத்தில் முதலில் உறைத்தது அவருக்குத்தான்.

உபெர்லிந்தா ஊற்றுவதை நிறுத்தினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் குஸ்தோதியோவிடம் திரும்பினாள். குரல் அமைதியாகத்தான் இருந்தது.

"கொம்பாத்ரே, அவருக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

"சொன்னேனே கொமாத்ரே. நல்லா..."

"அது வேண்டாம். அவருக்குச் சொல்றதைச் சொல்லுங்க."

குஸ்தோதியோ தொண்டையைச் செருமினார். முயன்றார். பாவம், வாயில் வந்தது பழைய வாக்கியம்தான்.

"பெலார்மினோ, காலைக் கழுவாம மிதிச்சிட்டியேடா."

யாரோ பாதி சிரித்து நிறுத்தினார்கள்.

"அவர் மிதிக்கலையே, நான்தான் மிதிச்சேன்" என்றாள் உபெர்லிந்தா.

கோபமாகச் சொல்லவில்லை. தவறு ஒன்றைத் திருத்துகிற மாதிரி சொன்னாள். பிறகு குடுவையை மூடி, மூடியை உள்ளங்கையால் அழுத்தி, அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தைத் தாண்டி என்னிடம் வந்தாள். இதை அலமாரியில வைக்காதே மகனே என்றாள். மழைக்குள் நடந்து போனாள். குஸ்தோதியோ கையில் காலிக் கோப்பையோடு நின்றிருந்தார். அவர் அழுததை அன்று பலர் பார்த்தார்கள்.

தன் ஒயினில் ஏதோ கெட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்றுதான் தெரியவில்லை. அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

ஜூலை, ஆகஸ்ட் என்று குளிர்காலம் முழுக்க அவள் வேலைக்கு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சின்ன பாட்டிலில் அந்த ஒயினைக் கொண்டுவருவாள். வறுத்த கோதுமை மாவைக் கோப்பையில் போட்டு, அதில் ஒயினை ஊற்றிக் கரைத்து, கரண்டியால் சாப்பிடுவாள். யாரும் வாங்காத, யாருக்கும் கொடுக்க முடியாத ஒயின் பீப்பாயில் பாதிக்கு மேல் இருந்தது. தானே குடித்துத் தீர்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள் போல. எனக்கு ஒருநாளும் ஊற்றவில்லை. ஒருமுறை நான் அந்தப் பாட்டிலைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"உனக்கு ஊத்தமாட்டேன். நீயும் நல்லா இருக்குன்னு சொல்லுவே."

செப்டம்பரில் சாலையோரத்து ஆரோமோ மரங்கள் மஞ்சளாகப் பூத்து உதிர்ந்த சமயம். திங்கட்கிழமை, மியூசியத்துக்கு விடுமுறை, நாங்கள் இருவர் மட்டும். அவள் மண்டியிட்டுத் தரைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

"என்ன இது, மெழுகு இப்படி நாறுது" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு விளங்கியது. துணியை முகத்தருகே கொண்டுபோய் மறுபடி முகர்ந்தாள். தன் சால்வையின் நுனியை எடுத்து முகர்ந்தாள். அதிலேயே வெகுநேரம் முகத்தை வைத்திருந்தாள். பிறகு எழுந்து, தன் பைக்குள்ளிருந்த சின்ன பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, மூக்கடியில் பிடித்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய கத்தரிக்கோலைத் துடைத்தேன், அதில் தூசி இல்லை.

திரும்பிப் பார்த்தபோது அவள் கோப்பையில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். மருந்து மாதிரி அல்ல, சாதாரணமாக, மடக்கு மடக்காக. குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாள். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு, மெழுகைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனாள். அவள் வேலையைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மீதியை குஸ்தோதியோதான் எனக்குச் சொன்னார், அதுவும் பல மாதம் கழித்து. அவர் வாசலில் ஏர்க்கலப்பைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாராம். அவள் ஓடையைத் தாண்டி வந்து முன்னால் நின்றாள்.

"ரெண்டு கோப்பை குடிச்சீங்க" என்றாள்.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அதை எப்படி முழுங்கினீங்க கொம்பாத்ரே? நாய் குடிக்குமா அதை? அந்த மலையே இருக்கு அதுக்குள்ள. பைன் இருக்கு, வீடு இருக்கு." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாளாம்: "எல்லாம் இருக்கு."

"தெரியும் கொமாத்ரே."

"சொல்லியிருக்கலாமே. கழுதை மூத்திரம்னு சொல்லியிருக்கலாமே. நான் கேட்டேனே."

குஸ்தோதியோ எழுந்து நின்றார். திட்டுவதற்கு இத்தனை வருடமாக வார்த்தை தேடாத மனிதர் வார்த்தை தேடினார்.

"அவன் எதிர்ல நின்னா சொல்லியிருப்பேன். அவன் திருப்பிச் சொல்லுவான். நான் சொல்லிட்டு, எதிர்ல யாரும் இல்லாம... என்னால முடியல."

அவள் தலையசைத்தாள். அவரைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். எரிந்த பக்கம் தகரம் வைத்து அடைத்திருந்தது. பீப்பாய்க் கிடங்கு மட்டும் முழுசாக இருந்தது. பீப்பாயைக் காலி செய்கிற பெரிய குழாய் இறுகிப்போயிருந்ததால் திறக்க இருவர் கையும் வேண்டியிருந்தது. ஒயின் கல் வாய்க்காலில் விழுந்து, வாசலைத் தாண்டி, எரிந்த சரிவில் இறங்கி ஓடியது. குஸ்தோதியோ தனியாக இருந்திருந்தால் அந்த வாடை தாங்காமல் வெளியே போயிருப்பாராம். அவளுக்காக நின்றார்.

பீப்பாய் காலியாக நேரமாயிற்று. உபெர்லிந்தா வாய்க்காலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள். நீங்க போங்க கொம்பாத்ரே, ஆணி அடிக்கிற வேலையைப் பாருங்க என்றாள். அவர் போனார்.

சாயங்காலம் அவர் ஓடைக்குத் தன் பக்கத்திலிருந்து பார்த்தபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாளாம். வாய்க்கால் காய்ந்துவிட்டிருந்தது. காற்று மாறி, அவர் வாசல் வரை வந்துகொண்டிருந்த புகை வாடை நின்றுபோயிருந்தது. அவள் இரண்டு கையையும் ஊன்றிக் கல்லருகே குனிந்து, அந்த வாடை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.